மீன் பெட்டியை எரிக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். குமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளைக்குப் பக்கத்தில் மீன் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கடைக்குப் பின்னால் நூற்றுக்கு மேல் தெர்மாகோல் பெட்டி உடைந்தும் உடையாமலும் குவிந்து கிடக்கிறதாம். பழைய சாமான் எடுக்கும் ஆக்கர் கடைக்காரர் சும்மா தந்தாலும் வேண்டாம் என்கிறாராம், பஞ்சாயத்து வண்டியும் எடுப்பதில்லையாம். ராத்திரியோடு ராத்திரியாக எரித்துவிடலாமா, அப்புறம் கல்யாண வீட்டுத் தெர்மாகோல் தட்டைத் தடை செய்தவர்கள் இந்தப் பெட்டியை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள் என்பதுதான் கேள்வி.

எரிக்காதீர்கள். காரணம் பின்னால் வருகிறது, அதற்கு முன் நான் யார் என்று சொல்ல வேண்டும். பாலக்காட்டுக்குப் பக்கம் கஞ்சிக்கோட்டில் தெர்மாகோல் வார்க்கும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவன். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு குளச்சலிலும் தேங்காப்பட்டணத்திலும் ஏலக்காரர்களுக்கு மீன் பெட்டி சப்ளை செய்தேன். உங்கள் கடைக்குப் பின்னால் கிடப்பதில் நான் கொடுத்ததும் நாலைந்து இருக்கலாம், ஆகையால் ஊருக்கு உபதேசம் செய்யும் தகுதி எனக்குக் கொஞ்சம் குறைவுதான்.

தெர்மாகோல் என்பது வியாபாரப் பெயராக வந்து, நம் ஊரில் பொருளின் பெயராகவே ஒட்டிக்கொண்ட சொல். உள்ளே இருப்பது பாலிஸ்டைரீன், அதாவது பிளாஸ்டிக்தான். பழைய காசெட் டப்பா, படக் என்று ஒடியும் ஸ்கேல், இதெல்லாம் கெட்டியான பாலிஸ்டைரீன். அதையே ஊதிப் பெருக்கினால் தெர்மாகோல். 1839-இல் பெர்லினில் எடுவார்ட் சைமன் என்ற மருந்துக் கடைக்காரர் ஒரு வாசனைப் பிசினை வடித்தபோது எண்ணெய் மாதிரி ஒன்று வந்தது, சில நாளில் அது தானாகவே கெட்டியாகிப்போனது, என்னவென்று அவருக்கே சரியாகப் புரியவில்லை. ஆலையில் செய்து விற்க 1930-களாகிவிட்டது. நுரை மணியாக ஊதும் வித்தை 1950-ஐ ஒட்டி ஜெர்மனியில் வந்தது. நாம் அமெரிக்கச் செய்திகளில் கேட்கும் ஸ்டைரோஃபோம் இதன் ஒன்றுவிட்ட அண்ணன். அது டௌ கம்பெனி வைத்த பெயர், அழுத்திப் பிழிந்து செய்யும் பலகை, மணி மணியாகத் தெரியாது. இன்னொன்று, ஆப்பிளுக்கு மேல் மாட்டியிருக்கும் வலையும் டிவியைச் சுற்றி வரும் மெத்தென்ற வெள்ளைத் தாளும் தெர்மாகோல் இல்லை, பாலித்தீன் நுரை. சந்தேகம் இருந்தால் ஒடித்துப் பாருங்கள், சத்தத்தோடு ஒடிந்து மணி உதிர்ந்தால் தெர்மாகோல், வளைந்து கொடுத்தால் வேறு.

கம்பெனிக்கு மூட்டையில் வரும்போது அது சீனியைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடி மணியாக இருக்கும். கையில் அள்ளினால் கனம் தெரியும். மணிக்குள்ளே பென்டேன் என்ற ஆவி நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுக்குக் கரைந்திருக்கும். நீராவி காட்டினால் பிளாஸ்டிக் இளகும், பென்டேன் பொங்கும், மணி நாற்பது ஐம்பது மடங்கு ஊதிவிடும். பொரி பொரிப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதேதான். ஊதிய மணியை உடனே வார்க்கக் கூடாது, பெரிய துணிப் பைகளில் பல மணி நேரம் ஆறவிட வேண்டும், உள்ளே வெற்றிடமான பக்கமெல்லாம் காற்று புக வேண்டும். அதன் பிறகு அச்சில் நிரப்பி மறுபடி நீராவி அடித்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கடைசியில் கையில் கிடைப்பதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்கு காற்று, இரண்டே பங்குதான் பிளாஸ்டிக்.

இந்தத் தொண்ணூற்றெட்டை மனதில் வையுங்கள், மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

முதலில் அதன் நல்ல பக்கம். மீன் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். இரண்டடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஓரடி உயரம், ஓர் அங்குலச் சுவர் என்று வைத்தால் எடை சுமார் அரைக் கிலோ. அதில் இருபது கிலோ சாளை மீனும் அதைச் சுற்றி ஐஸும் போகும். வெளியே முப்பது டிகிரி, உள்ளே பூஜ்யம் என்றால், கணக்குப் போட்டுப் பார்த்தேன், சுவர் வழியாக உள்ளே நுழையும் சூடு மணிக்கு அரைக் கிலோ ஐஸைத்தான் உருக்கும். ராத்திரி பத்து மணிக்கு ஏற்றி விடிகாலையில் கொல்லத்திலோ கோட்டயத்திலோ இறக்கினால் போனது நாலைந்து கிலோ ஐஸ். அதே மீனை வெறும் பிளாஸ்டிக் கிரேட்டில் போட்டு மேலே சாக்கை மூடி அனுப்பிய காலமும் எனக்கு நினைவிருக்கிறது, பாதி வழியில் லாரியை நிறுத்தி ஐஸ் வாங்கிப் போடுவார்கள், இறக்கும் இடத்தில் அயிலையின் கண் சிவந்து வயிறு வெடித்திருக்கும், விலை பாதிக்கு விழும். அரைக் கிலோ பிளாஸ்டிக் இருபது கிலோ மீனைக் காப்பாற்றுகிறது என்றால் அது நல்ல கணக்குதான், இதை நான் வெட்கப்படாமல் சொல்வேன். தோவாளைப் பூச்சந்தையிலிருந்து மல்லிகைப்பூவும் பிச்சிப்பூவும் வாடாமல் திருவனந்தபுரம் போய் விமானம் ஏறுவதும் இதே பெட்டியில்தான்.

இன்னொரு இடம் பலருக்குத் தெரியாது. உங்கள் ஹெல்மெட்டின் உள்துணியைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள், கறுப்பாகவோ வெள்ளையாகவோ இருப்பது தெர்மாகோல்தான், மீன் பெட்டியைவிட அடர்த்தி கூடியது, அவ்வளவே. மண்டை போய் மோதும்போது அந்த மணிகள் நசுங்கி அடியை வாங்கிக்கொள்கின்றன. நசுங்கியது திரும்ப எழாது. ஒரு தடவை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட் வெளியே பளபளவென்று இருந்தாலும் வேலை முடிந்தது என்று அர்த்தம். பெட்ரோல் பட்டாலும் கரைந்துவிடும், பங்கில் டேங்க் மேல் ஹெல்மெட்டைக் கவிழ்த்து வைக்காதீர்கள். குளிர்பதனக் கிடங்கின் சுவர், ஃப்ரிட்ஜோடு வரும் மூலைக் கட்டைகள், மென்மையான மண்ணில் ரோடு போடும்போது கரைக்குக் கனம் ஏறாமலிருக்க அடியில் அடுக்கும் பெரிய கட்டிகள், வீட்டிலேயே குண்டு பல்பு வைத்துக் கோழி முட்டை பொரிக்கும் பெட்டி என்று சொல்லிக்கொண்டே போகலாம். டிசம்பரில் நம் ஊர் வீடுகளில் கட்டும் கிறிஸ்மஸ் குடிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அது வேறு வகை, அதற்கு வருகிறேன்.

இப்போது தொண்ணூற்றெட்டின் மறுபக்கம். ஆக்கர் கடைக்காரர் (எல்லைக்கு அந்தப் பக்கம் ஆக்ரி என்பார்கள்) உங்கள் பெட்டியை ஏன் வாங்கவில்லை? அவருக்கு மனசாட்சி இல்லாததால் இல்லை. ஒரு குட்டியானை வண்டியில் மேலே கயிறு கட்டி உயரமாக அடுக்கினாலும் எழுபது பெட்டிக்கு மேல் ஏறாது. எழுபது பெட்டி என்றால் முப்பத்தைந்து கிலோ, அழுக்கு தண்ணீரோடு நாற்பது என்று வையுங்கள். முக்கால் டன் ஏற்றும் வண்டி நாற்பது கிலோவில் நிரம்பிவிட்டது, டீசலும் டிரைவர் பேட்டாவும் அப்படியே இருக்கிறது. இரும்பு வேண்டாம், பால் கவரை எடுத்துக்கொண்டால்கூட அதே வண்டியில் அவருக்கு ஏதாவது மிஞ்சும். காற்றைச் சுமக்க யார் வாடகை கொடுப்பார்கள்? பாலிஸ்டைரீன் உருக்கி மறுபடி பயன்படுத்தக்கூடிய பொருள்தான், போட்டோ பிரேம் கடையில் மரம் மாதிரித் தங்கக் கரை போட்டு விற்கும் சட்டங்களில் ஒரு பகுதி இப்படிப் பழைய தெர்மாகோலை உருக்கிச் செய்வது. பொருளால் முடியாமல் போகவில்லை, அதை உருக்கும் இடம்வரை தூக்கிக்கொண்டு போகத்தான் ஆளில்லை. பிளாஸ்டிக் விஷயத்தில் பலரும் ரசாயனத்தைப் பற்றியே பேசுகிறார்கள், தெர்மாகோலைப் பொறுத்தவரை எனக்குத் தெரிந்து முக்கால்வாசிப் பிரச்சினை லாரி வாடகை.

இந்தக் காற்றுக் கணக்கை மறந்ததால் நடந்த கூத்தும் ஒன்று உண்டு, எல்லோருக்கும் நினைவிருக்கும். 2017 ஏப்ரலில் தேனிப் பக்கம் வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமல் தடுக்க அமைச்சர் ஒருவரே முன்னின்று தெர்மாகோல் அட்டைகளை டேப் ஒட்டி மிதக்கவிட்டார், சற்று நேரத்தில் காற்று அதையெல்லாம் கரைக்குத் தள்ளிவிட்டது. ஊரே சிரித்தது, மீம் போட்டே வருஷக்கணக்காக ஓட்டினார்கள். தண்ணீரை மூடி வைத்தால் ஆவியாவது குறையும் என்ற எண்ணத்தில் தப்பில்லை, 2015-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நீர்த்தேக்கம் ஒன்றில் கோடிக்கணக்கில் கறுப்புப் பந்துகளை மிதக்கவிட்டார்கள். ஆனால் ஒரு சதுர மீட்டர் தெர்மாகோல் அட்டை ஓர் அங்குலக் கனத்தில் கால் கிலோவிலிருந்து முந்நூறு நானூறு கிராம்வரைதான் இருக்கும், மணிக்கு முப்பது கிலோமீட்டர் காற்று நேராக அடித்தால் அதே ஒரு சதுர மீட்டரில் நாலு கிலோ அளவுக்கு அழுத்தும். அட்டை எங்கே நிற்கும்? இதைப் பத்து பைசா கூலி இல்லாமல் எங்கள் கம்பெனியில் லோடு ஏற்றும் பையனே சொல்லியிருப்பான், லாரியில் தார்ப்பாய் கட்ட மறந்த ஒருநாள் வாளையார் தாண்டிப் பறந்ததைப் பொறுக்கியவன் அவன்தான்.

சிரித்து முடித்தாயிற்று. நம் கடப்புறத்தில் வருஷம் முழுக்க அதேதான் நடக்கிறது, அதற்கு யாரும் மீம் போடுவதில்லை. குழித்துறைப் பாலத்துக்குக் கீழே ஆற்றில் வீசப்படும் பெட்டி மழையில் மிதந்து தேங்காப்பட்டணம் பொழிமுகத்துக்கு வந்து சேரும். கடற்கரையோரம் போகும் ஏ.வி.எம். கால்வாயில் ஆகாயத்தாமரைக்கு நடுவே வெள்ளையாகத் தெரிவதில் பாதி இதுதான். கடலுக்குப் போனது அலையில் பாறையில் அடிபட்டு முதலில் துண்டாகும், அப்புறம் மணி மணியாக உதிரும். உதிர்ந்த மணி மீன் முட்டை மாதிரி இருக்கும், மீனும் பறவையும் கொத்தி விழுங்கும், வயிறு நிறைந்துவிடும், சத்து ஒன்றுமில்லை. மணியும் காலப்போக்கில் பொடியாகிக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் போகும். நுரையாக இருக்கும்வரை மிதக்கும், உள்ளே தண்ணீர் ஏறிப் பாசியும் சிப்பியும் ஒட்டிக் கனத்துவிட்டால் மூழ்கும், ஏனென்றால் பாலிஸ்டைரீன் நல்ல தண்ணீரைவிடக் கொஞ்சம் கனமானது. மேலே தெரியவில்லை என்பதால் இல்லை என்று நினைக்க வேண்டாம்.

2025 மே மாதம் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் கொச்சிக்கு அப்பால் மூழ்கியபோது கண்டெய்னர்களில் இருந்த பிளாஸ்டிக் மணிகள் திருவனந்தபுரம் கடற்கரையிலும் நம் குமரிக் கடற்கரையிலும் மூட்டை மூட்டையாக ஒதுங்கின. எனக்கே நாலைந்து பேர் கூப்பிட்டு, தெர்மாகோலா அண்ணே என்று கேட்டார்கள். இல்லை, அது ஊதாத கெட்டி மணி, வேறு பிளாஸ்டிக். தன்னார்வலர்கள் முறம், சல்லடை, வலை எல்லாம் வைத்து மணலைச் சலித்தார்கள். அந்தப் பாடு ஒரே ஒரு கப்பலால் வந்தது, அதனால் செய்தியானது. நம் பெட்டி ஒவ்வொன்றிலும் லட்சக்கணக்கில் மணி இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக விழுவதால் செய்தியில் வராது.

மக்க எத்தனை வருஷம் ஆகும்? ஐநூறு வருஷம் என்று வாட்ஸப்பில் ஓர் எண் சுற்றுகிறது, மக்கவே மக்காது என்றும் சொல்வார்கள். இந்தப் பொருள் பிறந்தே எழுபது சொச்சம் வருஷம்தான் ஆகிறது, ஐநூறு வருஷம் காத்திருந்து பார்த்தவர் யாருமில்லை. 2019-இல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தார் வெயில் பட்டால் பாலிஸ்டைரீன் பல பத்தாண்டுகளிலோ சில நூற்றாண்டுகளிலோ கரியமில வாயுவாகச் சிதையக்கூடும் என்று காட்டினார்கள். வெயில் படாமல் மண்ணுக்குள்ளோ கடலடியிலோ கிடப்பது வேறு கதை. 2015-இல் சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து, மாவுப்புழு தெர்மாகோலைத் தின்று ஓரளவு செரிக்கவும் செய்கிறது என்று கண்டறிந்தார்கள். இதைப் படித்துவிட்டு ஒருவர் புழு வளர்க்கலாமா என்று கேட்டார். நூறு புழு ஒரு நாளைக்குத் தின்பது முப்பத்தைந்து நாற்பது மில்லிகிராம். உங்கள் ஒரு பெட்டிக்கு அரைக் கிலோ என்றால் நீங்களே கணக்குப் போடுங்கள், நூறு புழுவை வைத்துக்கொண்டு முப்பத்தைந்து நாற்பது வருஷம் காத்திருந்தால் முதல் பெட்டி முழுதாக முடிந்திருக்கும், அவ்வளவுதான்.

எறும்பும் எலியும் குடைகிறதே என்பீர்கள். குடையும், கூடு கட்டும், தின்பதில்லை. மாட்டுத் தொழுவத்துத் தகரக் கூரைக்கு அடியில் தெர்மாகோல் ஒட்டியவர்களிடம் கேளுங்கள், ஒரு வருஷத்தில் எறும்புக் கூடாகிவிடும். தீப்பிடித்தால் என்னாகும் என்பது இன்னும் பெரிய கவலை.

தீ என்றவுடன் எரிப்பதற்கு வந்துவிடுகிறேன். கம்பெனியில் இருந்தபோது ஒரு நாள், அவசர ஆர்டர் என்று முதல்நாள் வார்த்த பெரிய கட்டியை ஆறவிடாமல் மறுநாளே சூட்டுக் கம்பியில் அறுத்தோம். புதுக் கட்டிக்குள் பென்டேன் மிச்சம் இருக்கும், அதனால் சில நாள் ஆறவிட்டுத்தான் அறுக்க வேண்டும், சூப்பர்வைசருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கம்பி சிவந்து மாட்டியது, பக்கென்று பிடித்தது. வேகமாக எரிந்ததைவிட மோசம் அது உருகிச் சொட்டியது. எரிந்துகொண்டே சொட்டும், பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும், தட்டிவிட்டால் கையோடு வரும். கூட வேலை பார்த்த திருச்சூர்க்காரச் சேட்டனுக்கு முழங்கை வரை வெந்துபோனது. கூரை முழுக்கக் கறுப்பு நூலாம்படை மாதிரி புகைக்கரி தொங்கியது, இரண்டு நாள் மூக்கைச் சிந்தினால் கறுப்புதான்.

அந்தக் கரிக்குக் காரணம் உண்டு. பாலிஸ்டைரீனில் கார்பன் வளையங்கள் நிறைய, திறந்த வெளியில் அந்தச் சூட்டுக்கு முழுசாக எரியாது. கரியும், கார்பன் மோனாக்சைடும், ஸ்டைரீன், பென்சீன் போன்ற ஆவிகளும் கிளம்பும். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியானது. ஸ்டைரீனை 2018-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலுக்கு மேலேற்றியது. கட்டடத்துக்குச் செய்யும் தெர்மாகோலில் தீ சீக்கிரம் பிடிக்காமலிருக்க எச்.பி.சி.டி. என்ற புரோமின் சேர்மத்தைப் பல காலம் கலந்துவந்தார்கள், 2013-இல் அதை ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தில் ஒழிக்க வேண்டிய பொருளாகச் சேர்த்தார்கள். உங்களிடம் கிடப்பதில் எது எங்கிருந்து வந்தது என்று பார்த்துச் சொல்ல முடியாது. சிமென்ட் சூளை மாதிரி ஆயிரம் டிகிரிக்கு மேல் போகும் இடத்தில் சரியாக எரித்தால் அது நல்ல எரிபொருள், கிட்டத்தட்ட டீசலுக்குப் பக்கத்தில் சூடு தரும். தென்னை விளையில் சருகோடு போட்டு எரிப்பது அதுவல்ல. பக்கத்து வீட்டில் கைக்குழந்தையோ இழுப்பு உள்ள பெரியவரோ இருந்தால் உங்கள் நூறு பெட்டியை அவர்கள் நெஞ்சுக்குள் அனுப்பினது மாதிரி.

பெட்ரோல் ஊற்றிக் கரைக்கும் வித்தையையும் சிலர் சொல்லித் தருகிறார்கள். கரையும், ஒரு வாளி தெர்மாகோல் ஒரு கை அளவு பிசினாகிவிடும், பார்க்க வேடிக்கையாக இருக்கும். அந்தப் பிசின் தீப்பிடித்தால் அணையாமல் ஒட்டி எரியும், போரில் வீசிய நாபாம் குண்டில் பிற்காலத்தில் பெட்ரோலோடு சேர்த்தது பாலிஸ்டைரீன்தான். கூரை ஓட்டை அடைக்க என்றுகூடச் செய்ய வேண்டாம்.

சரி, தட்டுக்குத் தடை, பெட்டிக்கு ஏன் இல்லை? தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தெர்மாகோல் தட்டும் கப்பும் தடை. கேரளத்தில் சரியாக ஒரு வருஷம் கழித்து 2020 ஜனவரி 1 முதல், அங்கே அலங்காரப் பொருளும் சேர்த்தி. இந்தியா முழுக்க 2022 ஜூலை 1 முதல் அலங்காரத் தெர்மாகோலும் ஒருதரம் பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டு, கப், கரண்டியும் தடை. கல்யாண மேடையில் வெட்டி ஒட்டும் மயிலும் குடிலுக்கு மேல் மாட்டும் நட்சத்திரமும் இதில் அடங்கும், இன்னும் கடையில் கிடைக்கிறது என்பது வேறு விஷயம். பெட்டி சரக்கைக் காக்கும் பொதி, அதனால் பட்டியலில் வரவில்லை.

எனக்கு இதில் பெரிய குறை இல்லை. தட்டின் ஆயுள் பத்து நிமிஷம், அதுவும் சுடச்சுட எண்ணெய் மிதக்கும் குழம்பை ஊற்றினால் ஸ்டைரீன் கொஞ்சம் கசிவதற்குச் சூடும் கொழுப்பும்தான் தோது. ஒரு நாள் சாப்பிட்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது, பயமுறுத்துகிறவர்கள் கூட்டிச் சொல்கிறார்கள். ஆனால் வாழையிலைக்குப் பஞ்சமில்லாத ஊரில், பாக்கு மட்டைத் தட்டும் கிடைக்கும்போது, அது எதற்கு என்பதுதான் என் கேள்வி. பெட்டியின் கதை அப்படி இல்லை. நாளைக்கே பெட்டியைத் தடை செய்தால் மீன் கெடும், கெட்ட மீனைப் பிடித்த டீசலும் ஐஸும் கூடவே போகும். உள்ளே நுரை வைத்த கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டி இருக்கிறது, வருஷக்கணக்காக உழைக்கும், ஆனால் ஒன்றின் விலைக்குத் தெர்மாகோல் பெட்டி பல வாங்கலாம், காலிப் பெட்டி திரும்பி வந்தாக வேண்டும், கழுவ இடமும் தண்ணீரும் வேண்டும். கோட்டயம் போன பெட்டி குளச்சல் திரும்பி வருமா? நம் வியாபாரத்தில் வராது, அங்கேயே சந்தைக்குப் பின்னால் கிடக்கும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும், நம் ஆட்களுக்குக் கோபம் வரலாம். 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் கேரள மருத்துவக் கழிவைக் கொட்டியது பெரிய பிரச்சினையாகி, பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டு, அவர்களே லாரி கொண்டுவந்து அள்ளிப் போனார்கள். நியாயம்தான், நானும் திட்டினேன். ஆனால் நாம் ராத்திரி லாரியில் ஏற்றி அனுப்பும் பெட்டிகள் அந்தப் பக்கத்து ஓடையிலும் காயலிலும் கிடக்கின்றன, அதைப் பற்றி நாம் வாயே திறப்பதில்லை. அங்கே ஹரித கர்ம சேனை என்று பெண்கள் வீடு வீடாக வந்து பிளாஸ்டிக்கை எடுத்துப் போகிறார்கள், அதற்கு வீட்டுக்காரர் கட்டும் மாதக் கட்டணமும் உண்டு. அவர்களுக்கும் இந்தப் பெட்டி என்றால் தலைவலிதான், அதே லாரி வாடகை.

வழி இல்லாமல் இல்லை. டோக்கியோவின் பெரிய மீன் சந்தையில் காலிப் பெட்டிகளைச் சந்தைக்குள்ளேயே உருக்கிக் கட்டியாக்கி விற்கிறார்கள். பெட்டியை நொறுக்கி, சூடு காட்டி அல்லது திருகு வைத்து அழுத்தி, காற்றை வெளியேற்றும் இயந்திரம் அது. நாற்பது ஐம்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அப்போது அதே குட்டியானை நாற்பது கிலோவுக்குப் பதில் தாங்குகிற அளவு ஏற்றும், ஆக்கர் கடைக்காரரே தேடி வருவார். இப்படி ஒன்று குளச்சலிலோ தேங்காப்பட்டணத்திலோ துறைமுகத்துக்குள் வைத்தால் போதும், பெட்டிக்கு ஐந்து ரூபாய் முன்பணம் பிடித்துத் திருப்பித் தருகிறவருக்குக் கொடுத்தால் ரோட்டில் ஒன்றுகூடக் கிடக்காது. சோடா பாட்டிலை அப்படித்தானே திரும்பக் கொண்டுபோனோம்? நான் இரண்டு தடவை ஏலக்காரர்களிடம் பேசிப் பார்த்தேன். கரண்டு பில் யார் கட்டுவது என்பதில் பேச்சு நின்றுவிட்டது.

இப்போது உங்கள் நூறு பெட்டி. முதலில் உடையாததையும் உடைந்ததையும் பிரியுங்கள். உடையாததை ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள், வெயிலில் வைத்தால் மேல்புறம் மஞ்சளாகிப் பொடியாக உதிரும். டூவீலரில் மீன் விற்கிறவர்களும் ஐஸ் கம்பெனிப் பக்கம் நிற்கும் சில்லறை வியாபாரிகளும் பாதி விலைக்கு வாங்குவார்கள், ஏற்றுமதிக்காரருக்கும் பூக்காரருக்கும் கொடுக்க முடியாது, கீறலில் வாடை போகாது. மொட்டைமாடியில் கீரை போடுகிறவர்களுக்குக் கொடுக்கலாம், ஆனால் பெட்டிக்கு வெளியே பழைய சாக்கைச் சுற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மணி உங்கள் கடையிலிருந்து அவர்கள் மாடிக்குப் போனது மட்டும்தான் மிச்சம். உடைந்ததை மிதித்து நொறுக்காதீர்கள், நொறுக்கினால் மணி பறக்கும், கையால் பெரிய துண்டுகளாக ஒடித்துச் சிமென்ட் சாக்கில் திணித்து வாயைத் தைத்துவிடுங்கள். நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ டிவி, ஃப்ரிட்ஜ் பொதிகளை மொத்தமாக எடுக்கும் பிளாஸ்டிக் வியாபாரிகளிடம் விசாரியுங்கள். மீன் வாடை இல்லாமல், டேப்பும் லேபிளும் கிழித்து, ஒரு வண்டி அளவு சேர்த்துக் கொடுத்தால் எடுக்க வாய்ப்பு உண்டு, காசு எதிர்பார்க்காதீர்கள். உங்கள் தெருவில் இன்னும் நாலு மீன் கடை இருக்குமே, அவர்களையும் சேர்த்துக்கொண்டால் வண்டி வாடகை பிரியும்.

மழை வருவதற்குள் செய்யுங்கள். தென்மேற்குக்கும் வடகிழக்குக்கும் நடுவில் நமக்குக் கிடைப்பது கொஞ்ச நாள்தான், உங்கள் கடைக்குப் பின்னால் ஓடை இருக்கிறது என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். மூடியோடு நன்றாக இருப்பது எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள், கோழிக்குஞ்சுக்கு எனக்கே ஒரு பத்து வேண்டும், வண்டியோடு வந்து எடுத்துக்கொள்கிறேன்.